சிறையிலிருந்து வந்த நன்றிக் கடிதம்



‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழியை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பாடசாலையில் அதை விரித்து எழுதியிருக்கின்றோம். பேச்சுப் போட்டிகளில் உரத்துச் சொல்லிப் பரிசும் பெற்றிருக்கின்றோம். ஆனால் அந்த மருந்து எங்கே கிடைக்கும், அதை எப்படி உட்கொள்ள வேண்டும் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. போதும் என்று நினைத்துக்கொள் என்பதோடு அது விலகிக்கொள்கின்றது. மனமோ, சொன்னவுடன் கேட்கும் பிள்ளை அல்ல. ‘போதும்’ என்று நாம் அதற்கு எத்தனை முறை சொன்னாலும், அயல்வீட்டு வாசலில் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றால் அது உடனே எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கின்றது.

மனநிறைவைப் பற்றித் திருவிவிலியம் பேசும் இடங்கள் பல. அவற்றுள் என் உள்ளத்தை மீண்டும் மீண்டும் இழுப்பது, புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமடலின் நான்காம் அதிகாரம். எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவும், வறுமையிலும் வாழத் தெரியும் வளமையிலும் வாழத் தெரியும் என்றும், தமக்கு வலுவூட்டுகின்றவரின் துணையால் எதையும் செய்ய இயலும் என்றும் அவர் அங்கே எழுதுகின்றார். இந்த வசனங்களை அழகிய படங்களில் அச்சிட்டு நாம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கின்றோம். ஆனால் அவை எத்தகைய கடிதத்தில், எத்தகைய சூழலில் எழுதப்பட்டவை என்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு. உண்மையில் அது ஒரு நன்றிக் கடிதம். பணமும் பொருளும் அனுப்பியவர்களுக்கு, அவற்றைப் பெற்றுக்கொண்ட ஒரு சிறைக்கைதி எழுதிய கடிதம்.

அக்காலச் சிறை இக்காலச் சிறையைப் போன்றதன்று. கைதிக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவது தனது பொறுப்பு என்று உரோமை அரசு பெரிதாகக் கருதவில்லை. வெளியில் உறவினரோ நண்பரோ இருந்து உணவும் உடையும் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு; இல்லையேல் பட்டினிதான். பவுல் இம்மடலை எழுதியது உரோமைச் சிறையிலிருந்து என்பது திருச்சபையின் நெடுநாளைய மரபு. எபேசு நகரச் சிறையாக இருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். எச்சிறையாயினும், பிலிப்பி நகரத்துக் கிறிஸ்தவர்கள் அவருடைய நிலையைக் கேள்வியுற்று, தம்முள் ஒருவரான எப்பப்பிராதித்து என்பவரிடம் உதவியைக் கொடுத்தனுப்பினார்கள். வந்த இடத்தில் அந்த மனிதர் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவருக்கு நலமானதும் பவுல் இந்தக் கடிதத்தை எழுதி அவருடனேயே பிலிப்பிக்குத் திருப்பி அனுப்புகின்றார்.

இனிக் கடிதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். உதவியைப் பெற்ற செய்தியை நாமாயின் முதல் வரியிலேயே எழுதுவோம். பவுலோ கடிதத்தின் கடைசிப் பகுதியிலேயே, நான்காம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்துக்குப் பின்னரே, அந்த உதவியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றார். ஆனால் அதைக் கொண்டுவந்த எப்பப்பிராதித்துவைப் பற்றி இரண்டாம் அதிகாரத்திலேயே எழுதிவிடுகின்றார். அவர் நோயுற்றதையும், தம் நோயைப் பற்றி ஊரார் கேள்விப்பட்டுவிட்டார்களே என்று அவர் கலங்கியதையும், அவரை மதிப்போடு வரவேற்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கின்றார். முதலில் ஆள், பொருள் பிறகு.

இதை விளங்கிக்கொள்ள எமது குடும்பங்களுக்கு விளக்கவுரை நூல்கள் தேவையில்லை. 1983க்குப் பின்னர் எம்மவர்கள் இலட்சக்கணக்கில் கடல் கடந்தார்கள். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்தது, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை ஆலயங்களுக்குக் கூரை ஏறியது! அந்தப் பணத்தின் பின்னே உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிய கைகளும், பனியில் அதிகாலை பஸ்ஸுக்குக் காத்து நின்ற கால்களும் உண்டு. ஆனால் தொலைபேசி மணி அடித்தவுடன் இங்கே நாம் கேட்கும் முதற்கேள்வி எதுவாக இருக்கின்றது? ‘காசு போட்டாச்சா?’ என்பதா, ‘உன்ரை நாரிநோ எப்படி?’ என்பதா? சென்ற மாதத்தை விடக் குறைவாக வந்தால், அன்பே குறைந்துவிட்டதாகக் கணக்கெழுதும் பெற்றோரும் உண்டு. கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் நினைவூட்டி, தம்பியை நிமிரவிடாத அண்ணன்மாரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பவுலின் கடிதம் நல்ல மருந்து.

ஏனெனில் அவர் எழுதும் நன்றி வழக்கமான நன்றி அன்று. உதவி வராவிட்டால் உடைந்து போயிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் குறைவேதும் இல்லை என்ற உறுதியோடுதான் தொடங்குகின்றார். அப்படியானால் உதவி வீண்தானா? இல்லை; என் துன்பத்தில் பங்குகொண்டது நல்ல செயல் என்று பதினான்காம் வசனத்தில் பாராட்டுகின்றார். தாம் தெசலோனிக்காவில் இருந்தபோதும் அவர்கள் ஒரு முறைக்கு மேல் உதவியதை நினைவில் வைத்து எழுதுகின்றார். பின்னர், தாம் நாடுவது அவர்களுடைய கொடையை அன்று, அவர்களுடைய கணக்கில் பெருகும் பலனையே என்கின்றார். பெறுகின்றவர் கொடுப்பவரின் நன்மையைப் பற்றிக் கவலைப்படுகின்றார்! கைநீட்டிப் பெறும்போது தாழ்ந்து குனியாமலும், தேவையில்லை என்று முகம் திருப்பாமலும் பெற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை, ஒரு முறையாவது நிவாரண வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். மனநிறைவுள்ள ஒருவராலேயே அப்படிப் பெற முடியும்.

இங்கே ஒரு சொல்லைச் சற்று உற்றுநோக்குவோம். மனநிறைவு என்று நாம் வாசிக்கும் இடத்தில் பவுல் கிரேக்க மொழியில் ‘ஆவுத்தார்க்கேஸ்’ என்ற சொல்லை எழுதியிருக்கின்றார். தன்னிறைவு உடையவன், வேறெவரையும் சாராதவன் என்பது அதன் நேர்ப்பொருள். அது ஸ்தோயிக்கர் எனப்பட்ட மெய்யியலாளர்கள் விரும்பிக் கையாண்ட சொல். அறிவுள்ளவன் இன்பத்தாலும் துன்பத்தாலும் அசையாதவன், அவனுக்கு அவனே போதும் என்று அவர்கள் போதித்தார்கள். நீரோ மன்னனின் ஆசிரியராக இருந்த செனேக்கா அவர்களுள் பெயர்பெற்றவர், பவுலின் காலத்தவர். இடையில் ஒரு சுவையான செய்தி: கொரிந்து நகரில் யூதர்கள் பவுலைக் கொண்டுபோய் நிறுத்திய நீதியிருக்கையில் இருந்த கல்லியோ, திருத்தூதர் பணிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் வருகின்றவர், இந்தச் செனேக்காவின் உடன்பிறந்தவரே.

பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். ஆனால் அதன் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டார். எனக்கு நானே போதும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வலுவூட்டுகின்றவர் இருக்கின்றார், ஆகவே எனக்குப் போதும் என்கின்றார். அசையாத கல்லாக அவர் இருக்கவும் இல்லை. எப்பப்பிராதித்து இறந்திருந்தால் தமக்குத் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்று இதே மடலின் இரண்டாம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றி எழுதுகின்றார். மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகக் கூறுகின்றார். அழத் தெரிந்த மனநிறைவு அது. செத்தவீட்டில் அழுகின்ற விதவையிடம் ‘விசுவாசம் இருந்தால் அழமாட்டாய்’ என்று சொல்லும் பக்திமான்கள் இவ்விடத்தை ஒரு முறை வாசிப்பது நல்லது.

இன்னொன்று, பவுல் இதைத் தமது பிறவிக் குணம் என்று கூறவில்லை, கற்றுக்கொண்டேன் என்கின்றார். எந்தப் பள்ளியில் கற்றார்? கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமடலின் பதினோராம் அதிகாரத்தில் அந்தப் பாடத்திட்டம் இருக்கின்றது. ஐந்து தடவை முப்பத்தொன்பது கசையடிகள், மூன்று தடவை தடியடி, ஒரு தடவை கல்லெறி, மூன்று தடவை கப்பற்சேதம், பசி, தாகம், குளிர், போதிய உடையின்மை. கூடாரம் செய்யும் தொழிலாளியாகத் தம் கையால் உழைத்தும் உண்டவர் அவர். மனநிறைவு ஒரே நாளில் தியான மண்டபத்தில் இறங்கிவரும் கொடை என்று நினைத்து, தமக்கு அது இன்னும் வரவில்லையே என்று சோர்ந்து போகின்றவர்களுக்கு இது ஆறுதல். பவுலுக்கும் காலம் எடுத்தது.

அன்பார்ந்தவர்களே, இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கடினமானது. எமது மண்ணில் ‘மனநிறைவோடு இரு’ என்ற சொல் காயத்தின்மேல் தடவும் எண்ணெயாக மட்டுமன்றி, வாயைப் பொத்தும் கையாகவும் பயன்பட்டிருக்கின்றது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியில் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். மகனின் படத்தை மார்போடு அணைத்தபடி, பதில் கிடைக்காமலேயே கண்மூடிய தாய்மாரும் தந்தையரும் பலர். அத்தகைய ஒரு தாயைப் பார்த்து, ‘ஆண்டவர் தந்தார், ஆண்டவர் எடுத்தார், இருப்பதை வைத்துத் திருப்தியடையுங்கள்’ என்று சொல்வது கிறிஸ்தவ அறிவுரையா? மீள்குடியேற்றத்துக்குக் காத்திருப்பவரிடமும், உழைத்த கூலி கிடைக்காத தோட்டத் தொழிலாளியிடமும் அவ்வாறு சொல்லலாமா?

பவுலே இதற்குப் பதிலளிக்கின்றார், அதுவும் அதே பிலிப்பி நகரில். திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரம் நாம் அறிந்ததே. ஊதா நிறத் துணி விற்கும் லீதியா அங்கே நம்பிக்கை கொண்டார். பின்னர் பவுலும் சீலாவும் விசாரணையின்றித் தடியால் அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் தள்ளப்பட்டார்கள். நள்ளிரவில் அவர்கள் இறைவனுக்குப் பாமாலை பாடினார்கள், நிலம் அதிர்ந்தது, சிறைக்காவலர் தம் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார். மறையுரைகளில் நாங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றோம். ஆனால் விடிந்த பின்பு நடந்தது என்ன? அவர்களை விட்டுவிடுங்கள் என்று நகர நடுவர்கள் ஆளனுப்பினார்கள். பவுல் போகவில்லை. உரோமைக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் பொதுமக்கள் முன்னிலையில் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கின்றார்களா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி, நேரில் வந்து, சமாதான வார்த்தை சொல்லி அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

இரவில் விலங்கோடு பாடியவரும் அவரே. காலையில் நீதி கேட்டு நகர மறுத்தவரும் அவரே. அவர் பெற்றிருந்த மனநிறைவு நீதி கேட்கும் வாயை அடைக்கவில்லை. வெறுப்பின்றி நீதி கேட்கும் வலிமையை அதுதான் கொடுத்தது. நன்றிக் கடிதம் பிலிப்பியில் வாசிக்கப்பட்டபோது, அந்தச் சிறைக்காவலர் உயிரோடிருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பார். எந்நிலையிலும் மனநிறைவு என்ற வார்த்தை வெறும் பேச்சல்ல என்பதற்கு, பவுலின் காயங்களைக் கழுவிய அவருடைய கைகளே சாட்சி.

எமது நாட்டின் புனிதரான யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வை இந்த ஒளியில் பார்க்கலாம். 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்த அவர் நிறைந்த மனத்தோடு அங்கேயே இருந்திருக்கலாம். குருத்துவப் பணி இருந்தது. தாம் தலைமை தாங்கிய குருக்கள் குழுமம் இருந்தது. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சியின் கீழ் இலங்கைக் கத்தோலிக்கர்கள் குருக்களின்றி, திருப்பலியின்றி வாழ்கின்றார்கள் என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. 1687ஆம் ஆண்டு ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கே வந்து சேர்ந்தார். நோயுற்றார், பிச்சையெடுத்து உண்டார், சில்லாலையில் மறைந்திருந்து இரவு வேளைகளில் இறைமக்களைத் தேடிச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார். 1692ஆம் ஆண்டு கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் காவலில் வைக்கப்பட்டார். அந்தக் காவலிலும் சிங்கள மொழியைப் படித்தார். சிறு குடிசை அமைத்துச் செபித்தார். 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவி, மக்கள் தம் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களைத் தூக்கிப் பராமரித்தவர் அவரே. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியதை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள்.

தம் உணவில், உடையில், உறைவிடத்தில் அவருக்கு எல்லாம் போதுமாக இருந்தது. பிறருடைய பசியைப் பொறுத்தவரை ஒன்றும் போதவில்லை. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றோம். எமக்கு எதுவும் போதுவதில்லை. அயலவனுக்கு இருப்பது போதும்!

அண்மைக் காலத்து இன்னொரு சிறையையும் குறிப்பிட வேண்டும். வியட்நாம் நாட்டு ஆயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, கைதுசெய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் காவல். அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. தம் மந்தைக்காக எதுவும் செய்ய இயலாத நிலை அவரைத் தொடக்கத்தில் வாட்டியது. கடவுளின் பணிகள் வேறு, கடவுள் வேறு. பணிகள் பறிக்கப்பட்டாலும் கடவுள் இருக்கின்றார் என்ற தெளிவு சிறையிலேயே தமக்குக் கிடைத்ததாக அவர் பின்னர் சான்று பகர்ந்தார். வயிற்றுவலிக்கு மருந்து வேண்டும் என்று அவர் வெளியே எழுத, விசுவாசிகள் பொருளைப் புரிந்துகொண்டு, மருந்துப் போத்தலில் திராட்சை இரசத்தை அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் வைத்து அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1988ஆம் ஆண்டு விடுதலையாகி, பின்னர் கர்தினாலாகி, 2002ஆம் ஆண்டு இறந்தார். அவருக்கும் ஓர் எப்பப்பிராதித்து தேவைப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். மருந்துப் போத்தலை அனுப்பிய அந்தப் பெயர் தெரியாத கைகள் இல்லையேல் அந்த மூன்று துளிகளும் இல்லை.

நாங்கள் சிறையில் இல்லை. ஆயினும் எமது குடும்பங்களில் கடன் ஒரு விலங்காக மாறிக்கொண்டிருப்பதைப் பங்குத்தந்தையர் அனைவரும் அறிவோம். புதுநன்மை விழாவுக்கு மண்டபம், வீடியோ, மூன்றுவகை இறைச்சி. சாமத்திய வீட்டுக்கு உலங்கு வானூர்தி வாடகைக்கு எடுத்த கதைகளும் உண்டு. அடகு வைத்த நகை மீளாமலே போகின்றது. நுண்கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் பின்கதவால் போகின்ற தாய்மாருக்கு மனநிறைவைப் பற்றி மறையுரை ஆற்றுவதற்கு முன்னால், அவர்களை அங்கே தள்ளிய எமது ஊர்வழக்கங்களைக் கேள்வி கேட்க வேண்டும். வசதியுள்ள ஒரு குடும்பம் தன் பிள்ளையின் புதுநன்மையை எளிமையாக நடத்தினால், வசதியில்லாத பத்துக் குடும்பங்களுக்கு அது விடுதலை. அதையும் ஒரு கொடையாகக் கருதலாம்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இரவுபகலாக வரிசையில் நின்றோம். மின்சாரம் இல்லாத இரவுகளில் குடும்பம் ஒரே விளக்கைச் சுற்றி இருந்தது. அந்த வறுமையைப் புகழ்வது தவறு. பால்மா இன்றிக் குழந்தைகள் அழுத காலம் அது. ஆயினும் ஒரு சிலிண்டரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டதும், விறகடுப்பில் சமைத்ததை மதிலுக்கு மேலால் கொடுத்ததும் நடந்தன. வரிசைகள் போய்விட்டன. மதிலுக்கு மேலால் நீண்ட அந்தக் கைகள் இப்போது எங்கே?

குடும்பச் செபத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கின்றேன். பொதுக்காலம் 28ஆம் ஞாயிறன்று, முதலாம் ஆண்டில், இந்த நான்காம் அதிகாரத்தின் ஒரு பகுதி எமது ஆலயங்களில் இரண்டாம் வாசகமாக வருகின்றது. ஆனால் எப்பப்பிராதித்துவின் பெயர் வரும் வசனங்கள் அங்கே இடம்பெறுவதில்லை. ஆகவே இந்த வாரத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்த பின் தொலைக்காட்சியைப் போடாமல், திருமடல் முழுவதையும் வீட்டில் உரத்து வாசியுங்கள். நான்கு அதிகாரங்கள், 104 வசனங்கள். கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வாசிக்கத் தெரிந்த சிறு பிள்ளைக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுங்கள். எவோதியா, சிந்திக்கே என்ற இரு பெண்கள் தமக்குள் மனத்தாங்கல் கொண்டிருந்ததையும், பவுல் அவர்களைப் பெயர் சொல்லி ஒன்றுபடுமாறு கெஞ்சுவதையும் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கக் கூடும்; எங்கள் பங்கிலும் இப்படி இருவர் உண்டு என்று சொல்லவும் கூடும். கடைசி வரிகளுக்கு வரும்போது சற்று நிதானமாக வாசியுங்கள். பிலிப்பியருக்கு வாழ்த்துச் சொல்கின்றவர்களின் வரிசையில் சீசரின் மாளிகையைச் சேர்ந்தவர்களும் நிற்கின்றார்கள்.